நீலப் புத்தகமும் மீன் புத்தகமும்

எஞ்சின் என்றால் எனக்குக் காதே போதும். பஸ் தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சிலிண்டர் சோம்பல் படுகிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எதற்கு? பெருமைக்குத்தான் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரத்தில் மோட்டார் பஸ் பழுதுபார்க்கிற கராஜ் ஒன்றில் நான் மெக்கானிக்காக இருந்தேன். கலியாணத்துக்கு முதல் நாள் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. அந்தக் கையோடுதான் தாலி கட்டினேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி மூன்றாம் வருஷம். ஒரு நாள் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது ஒரு விமானம், கடலோடு சேரும் எங்கள் வாவிக்கு மேலே தாழப் பறந்து போனது. சத்தத்தைக் கேட்டேன். நோய் நொடி இல்லாத எஞ்சின். தவழ்ந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அத்தனை பெரிய பாரம், மேலே கட்டிய கயிறும் இல்லை, கீழே முட்டுக்கொடுத்த மரமும் இல்லை, அந்தரத்தில் போகிறது. எஞ்சின் இழுக்கிறது, சரி. அது முன்னுக்குத்தானே இழுக்கிறது? மேலே தாங்கிப் பிடித்திருப்பது யார்? எஞ்சினைப் பற்றி ஊருக்கே நியாயம் சொல்கிறவன் நான், இந்தக் கேள்விக்கு முன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பத்து நாள் போயிருக்கும். தபால் கந்தோர்ச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். திருகோணமலைப் பக்கத்து விமானத் தளத்தில் விமானம் பழுதுபார்க்க உள்ளூர் ஆட்கள் வேண்டுமாம். ஐப்பசியில் சோதனை. முதல் பாடம் எஞ்சின். இரண்டாவது, விமானம் எப்படிப் பறக்கிறது என்பது. வயது இருபத்தெட்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு மார்கழியில் இருபத்தெட்டு முடிகிறது. இந்த ஒரு தடவை தவறினால் சாகும்வரை பஸ்ஸுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும். விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

வீடு அமிர்தகழியில், வாவிக்கரையோரம். என் வீடு என்று சொல்வது பிழை, பெண்சாதியின் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும் என்பது எங்கள் பகுதி வழக்கம். நான் பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பழுகாமத்தில். வயலும் வட்டையுமாக வளர்ந்தவன். அவளோ பாய் வள்ளம் ஓட்டிய ஒரு மீன்பிடிகாரருக்கு ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் சின்ன வயதிலிருந்தே தகப்பனோடு வள்ளத்தில் போய் வந்தவள். தகப்பன் காலமான பிறகு வள்ளம் கரையில் கிடந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியும்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சோதினைக்குப் படிக்கப் புத்தகம் இருக்கா மச்சான்?"

"இல்ல புள்ள."

"அப்ப முதல் அதைத் தேடுங்க. புறகு பறக்கலாம்."

தேடுவது என்றால் எங்கே? நகரத்தில் புத்தகக் கடை என்று இருந்தது ஒன்றே ஒன்று. பஞ்சாங்கம், வாய்ப்பாடு, சிலேட்டு, கொப்பி, தோத்திரப் புத்தகம். கடைக்காரரிடம் ஆகாயத்தில் பறப்பதைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அதுக்கு நீங்க சித்தரிட்டப் போகணும்" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேலே இருக்கும். சைக்கிள் மணியை ஓங்கி அடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடத்து நூல்நிலையம். அங்கே அலுமாரியின் மேல் தட்டில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தந்தார்கள். அப்பாடா! தோல் அட்டை, முதுகில் பொன் எழுத்து, பாரம் எப்படியும் ஒரு பெரிய தேங்காய் அளவு. முதல் பக்கத்திலேயே ஆகாயத்தில் மனிதன் நிற்கிற படம். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஏழாம் வகுப்பு வரை படித்த இங்கிலீசு எனக்கு. ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் உட்கார்ந்து, பட்டுத் துணியில் எத்தனை மடிப்பு, கூடையில் எத்தனை மூட்டை மண், எந்த வாயுவை நிரப்ப வேண்டும், எல்லாவற்றையும் வாய்ப்பாடு போலப் பாடமாக்கினேன்.

கராஜில் எனக்கு மேலே இருந்த போர்மன், போர்த்துக்கேய வம்சத்துப் பறங்கியர். எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ஒரு நாள் பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில், என் கெட்டித்தனத்தைக் காட்டுவோம் என்று அவருக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன மனுசா, இது பலூன். விமானத்துக்கு எங்க வாயு நிரப்புறது? அந்தப் புத்தகம் அடிச்ச வருஷம் பாத்தியா?"

பார்க்கவில்லை. தடிப்பைப் பார்த்தேன், பொன் எழுத்தைப் பார்த்தேன், மணத்தைக்கூடப் பார்த்தேன். வருஷத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் பாட்டன் கோவணத்தோடு திரிந்த காலத்தில் அச்சடித்தது. கடைசிப் பக்கத்தில், காற்றை விடப் பாரமான ஒரு பொருளை மனிதன் ஒருக்காலும் பறக்கவைக்கப் போவதில்லை என்று தீர்ப்பும் எழுதியிருந்தது. அதை நான் வாசித்துக்கொண்டிருக்க, வாவிக்கு மேலே ஒன்று உறுமிக்கொண்டு போனது. மூன்று கிழமை! அந்தப் புத்தகத்தை வாவிக்குள் எறியத்தான் எழும்பினேன். பெண்சாதிதான் பறித்து வைத்துக்கொண்டாள். "பாரத்துக்கு உதவும், வள்ளத்துப் பாய்க்கட்டுக்கு மேல வைக்கலாம்" என்றாள்.

போர்மனுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். தன் வீட்டில் விமானம் பற்றிய இங்கிலீசுச் சஞ்சிகைகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனேன். பெட்டியைத் திறந்தால் அட்டைகள்தான் கிடந்தன. உள்ளே பாதிப் பக்கம் இல்லை. யுத்த காலம், கடுதாசிக்குப் பஞ்சம். அவருடைய மனைவி கேக் தட்டுக்கு அடியில் விரிக்க அந்தப் பக்கங்களைத்தான் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறார். சஞ்சிகைத் தாள் வழுவழுப்பானதாம், கேக் ஒட்டாதாம். போர்மன் தலையில் கையை வைத்துக்கொண்டார். இருவரும் தங்கள் போர்த்துக்கேயப் பாஷையில் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டார்கள். எனக்கு ஒரு துண்டு கேக் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேக். தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் பார்த்தால், அடியில் நெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த கடுதாசியில் ஒரு படம். விமானத்தின் சிறகைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்பது. முன்பக்கம் உருண்டு, முதுகு கொஞ்சம் வளைந்து, பின்னுக்கு வரவர மெலிந்து ஒரு விளிம்பாக முடிகிறது. அதற்கு மேலும் கீழும் காற்று போகிற கோடுகள். எழுத்தெல்லாம் நெய்யில் கலங்கிப் போயிருந்தது. போர்மன் சொன்னார்: "இந்த உருவம் இல்லாத புத்தகத்தைத் தொடாத. இதிலதான் எல்லாம் இருக்கு."

அந்தக் கடுதாசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. காத்தான்குடியில் சீலை வியாபாரி ஒருவர் இருந்தார். மாதம் ஒருக்கால் ரெயிலில் கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார்; எங்கள் பஸ்ஸில்தான் மூட்டைகள் வரும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்போம். கொழும்பில் பழைய புத்தகம் தெருவோரத்தில் குவித்து விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவருக்கு இங்கிலீசு ஓர் எழுத்துத் தெரியாது. சீலை வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, இதைப் போல வேண்டும் என்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கேக் கடுதாசியை மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் வைத்துக் கீறி, அந்த உருவத்தை வெட்டியெடுத்து, அரத்தால் ராவி, அவர் கையில் கொடுத்தேன்.

"காக்கா, இந்த உருவம் எந்தப் புத்தகத்தில இருக்கோ அதை வாங்கிட்டு வாங்க. பழசு வேணாம். தாள் வெள்ளையா இருக்கணும்."

அவர் தகரத்தை ஒளியில் பிடித்துப் பார்த்தார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "இன்ஷா அல்லாஹ், கொண்டு வாறன் தம்பி" என்று இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை. ஒரு பஸ்ஸுக்குப் பிரேக்கை மாறிப் பூட்டிப் போர்மனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் காக்கா வந்தார். மூட்டைக்கு நடுவில் சாரத் துணியில் சுற்றி இரண்டு புத்தகம்.

"தம்பி, ஒவ்வொரு புத்தகமா விரிச்சுத் தகரத்தை வைச்சு வைச்சுப் பாத்தன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் எண்டு நினைச்சான். கடைசியில ரெண்டில பொருந்திச்சு. எது உங்கட எண்டு எனக்குத் தெரியல்ல. ரெண்டையும் கொண்டாந்தன்."

ஒன்று நீல அட்டை. விரித்தேன். என் சிறகு! பக்கத்துக்குப் பக்கம் சிறகு, அம்புக்குறி, காற்றுக்கோடு. அச்சடித்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. காக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மற்றதை விரித்தால் மீன்! கடல் மீன்கள் பற்றிய புத்தகம். ஒரு சூரை மீனின் பக்கத்தில் என் தகரம் ஒரு நூல் பிசகாமல் பொருந்துகிறது. அந்த மனுஷன் எந்தப் பிழையும் விடவில்லை.

மீன் புத்தகத்தைப் பெண்சாதி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, மீன் தெரியும். "இந்தப் பாரையைக் கீறினவன் உயிர்ப் பாரையைப் பாக்கல்ல, செத்தத வைச்சுக் கீறியிருக்கான்" என்று படத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் உரத்து வாசித்தே பழக்கம். கராஜிலிருந்து வந்து குளித்துவிட்டு முற்றத்தில் இருந்து நீலப் புத்தகத்தை உரத்து வாசிப்பேன். ஒரு வரி இங்கிலீசில் வாசித்து, அதை எனக்குத் தெரிந்த மட்டில் தமிழில் சொல்லுவேன். அவள் இறால் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காற்றுக்குப் பாரம் உண்டு என்று ஒரு வரி வந்தது. "இதென்ன விசர்க் கதை" என்று நான் புத்தகத்தை மடித்தேன்.

"கச்சான் காத்தடிக்கிற நாளையில கதவு சாத்திப் பாருங்க மச்சான், பாரம் தெரியும்" என்றாள் அவள், இறாலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எங்கள் கோவில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். வாசிக்கிறவருக்குக் குரல் வேண்டும், பயன் சொல்கிறவருக்கு விளக்கம் வேண்டும். அன்றையிலிருந்து எங்கள் முற்றத்திலும் அப்படித்தான் நடந்தது. நான் வாசிப்பேன், அவள் பயன் சொல்லுவாள். வால் எதற்கு என்றால், "சுக்கான் இல்லாம வள்ளம் எப்படிக் கிறுகித் திரும்பும்?" என்பாள். எல்லாம் சரியாகச் சொன்னாள் என்றும் இல்லை. முன்னால் சுழல்கிற விசிறிதான் காற்றை அள்ளிச் சிறகுக்கு அடியில் ஊதித் தூக்குகிறது என்று பிடிவாதம் பிடித்தாள். எஞ்சினே இல்லாத விமானமும் பறக்கும் என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டி நான் வென்றேன். வென்ற சந்தோஷப் புழுகத்தில் கொஞ்சம் கூடத் துள்ளிவிட்டேன் போலும். இரண்டு நாள் கறிக்கு உப்பு இல்லை.

இப்படியே பதினொரு பாடம் ஓடியது. பன்னிரண்டாம் பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம்.

விமானத்தின் மூக்கைத் தூக்கினால் அது மேலே ஏறும். சரி. ஆனால் ஓர் அளவுக்கு மேல் தூக்கினால், சிறகின் முதுகை விட்டுக் காற்று கழன்றுவிடுமாம், விமானம் கல்லு மாதிரி விழுமாம். அந்த வரியை இருபது தரம் வாசித்திருப்பேன். அது எப்படி? கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் ஏறும் என்றால், கூடத் தூக்கினால் கூட ஏறத்தானே வேண்டும்? காற்று எதற்காகக் கழல வேண்டும்? புத்தகக்காரன் ஒரு சுழிக்கோட்டைக் கீறிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டான். அவளைப் பார்த்தேன். முதல் தரமாக அவளும் பயன் சொல்லவில்லை.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.

நாளைக்குச் சரஸ்வதி பூசை. விடிய எழும்பிப் பார்த்தால் புத்தகத்தைக் காணவில்லை. மாமி இரண்டு புத்தகத்தையும் எடுத்துச் சாமி அறையில் கும்பத்துக்கு முன்னால் வைத்து, பட்டுத்துண்டால் மூடி, மேலே பூவும் போட்டுவிட்டார். விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். மூன்று நாள்! விஜயதசமியன்று மத்தியானம் நான் ரெயில் ஏற வேண்டும், மறுநாள் சோதனை.

"மாமி, சோதினை வருது."

"அதுக்குத்தான் வைச்சிருக்கன். சரஸ்வதிக்கு வைச்ச புத்தகத்தைத் தொட்டாப் படிச்சதும் அழிஞ்சு போகும். சும்மா இரிங்க மருமகன்."

கத்தினேன். எனக்கு வாய் நீளம், மாமிக்கு அதைவிட நீளம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பத்து மணி போல மாமி, பட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய், மீன் புத்தகத்தின் அட்டையைக் கண்டுவிட்டார். "ஐயோ! விரத நாளில மச்சத்தையா சாமிக்கு வைச்சன்!" என்று இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டார். சாமி அறை முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்தார். ஆக, அந்த வீட்டில் மூன்று நாளைக்கு வாசிக்க அனுமதி உள்ள ஒரே புத்தகம் மீன் புத்தகம்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடிந்ததும், "வாங்க, வள்ளத்தைத் தள்ளுவம்" என்றாள்.

நான் வயற்காரன். நெல்லுக்கு நிற்கிற முழங்கால் தண்ணிக்கு மேலே எனக்குத் தண்ணியோடு சகவாசம் இல்லை. வேறு வழியும் இல்லை. இருவரும் வள்ளத்தைத் தள்ளி இறக்கினோம். கச்சான் ஓய்ந்து வாடை இன்னும் பிறக்காத நாட்கள். பின்னேரமானால் கடல் பக்கமிருந்து ஒரு நல்ல காற்று வரும். அவள் பாயை விரித்தாள். வள்ளம் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க ஒரு பலகையைத் தண்ணிக்குள் இறக்கினாள். சுக்கானைத் தான் பிடித்துக்கொண்டு, பாயின் கயிற்றை என் கையில் தந்தாள். கடல் பக்கம் போவோம் என்றாள்; காற்று வருகிற திசை அதுதான். நேரே போக முடியாது, சாய்ந்து சாய்ந்து போக வேண்டும்.

"இழுங்க" என்றாள். இழுத்தேன். பாய் விம்மியது, வள்ளம் ஓடத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம்." இன்னும் இழுத்தேன். இன்னும் ஓடியது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கொஞ்சம் இழுத்தால் இந்த ஓட்டம் என்றால், முழுக்க இழுத்தால்! காலை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளம் நின்றுவிட்டது. காற்று அதே காற்று, பாய் அதே பாய். வள்ளம் சாய்ந்து பக்கவாட்டில் வழுக்குகிறதே தவிர ஓர் அடி முன்னுக்குப் போகவில்லை.

"என்ன நடந்த? பாய் கிழிஞ்சிட்டா?"

"கிழியல்ல. காத்து உங்கள விட்டிட்டுப் போயிட்டு." அவள் பாயின் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே துணி உயிரில்லாமல் படபடத்தது. "காத்திட்டக் கொஞ்சமாக் கேட்டாத் தரும் மச்சான். பேராசையில கேட்டாக் கையை விட்டிரும். பாய் சரிவா நிண்டாத்தான் காத்து அதில தடவிக்கொண்டு போகும். நீங்க குறுக்க மறிச்சா, அது முதுகுப் பக்கம் வளைஞ்சு வர ஏலாம விட்டிட்டுப் போகும்."

"இப்ப என்ன செய்யிற?" எனக்குத் தோன்றியது இன்னும் பலமாக இழுப்பது.

"இளக்குங்க."

கயிற்றை இளக்கினேன். பாய் மறுபடி விம்மியது, வள்ளம் ஓடியது.

இந்தப் பாயைப் படுக்கப் போட்டால் சிறகு! கயிற்றை இழுப்பது மூக்கைத் தூக்குவது! பன்னிரண்டாம் பாடம் முழுக்க எனக்கு முன்னால் விம்மிக்கொண்டு நின்றது. "புள்ள!" என்று கத்திக்கொண்டு எழும்பி நின்றேன். வள்ளத்தில் எழும்பி நிற்கக் கூடாது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணியில் இருந்து என்னை மறுபடி ஏற்றும்போது அவள், "விமானம் இப்படித்தான் விழும்" என்றாள்.

விஜயதசமி காலையில் மாமி புத்தகத்தை எடுத்துத் திருநீறு பூசித் தந்தார். மத்தியானம் ரெயில்.

எழுத்துச் சோதனை ஒரு தகரக் கொட்டகையில். எஞ்சின் பாடம் எனக்கு வெல்லம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை, வெயிலில் மூக்குத் தோல் உரிந்தபடி. கையில் மரத்தால் செய்த சின்ன விமானம். அதன் மூக்கை மெல்லத் தூக்கிக் காட்டினார், பிறகு நன்றாகத் தூக்கினார், பிறகு பொத்தென்று மேசையில் போட்டார். ஏன்?

நீலப் புத்தகத்து வரியை அப்படியே இங்கிலீசில் ஒப்புவித்தேன். அவர் தலையை ஆட்டவில்லை. இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், காற்று எதற்காகக் கழல்கிறது, அதைச் சொல் என்றார்.

எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில் வள்ளத்தைச் சொன்னேன். பாய், கயிறு, கொஞ்சம் கேட்டால் தரும், கூடக் கேட்டால் விட்டுவிடும், எல்லாம். கையை வளைத்துப் பாயாக்கிக் காட்டினேன். துரை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லது. எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார்.

என் பெண்சாதி சொன்னது என்று சொல்ல வாய் வரவில்லை. கதவுக்கு வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். எழுத்துத் தெரியாத ஒருத்தி சொல்லித் தந்தாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? நீலப் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன்.

துரை திரும்பி, பின்னால் இருந்த தட்டில் இருந்து அதே நீலப் புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டாம் பாடத்தை விரித்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதில் வள்ளமே இல்லையே" என்றார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. பொய் பிடிபட்டது பெரிதில்லை. முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டு பயன் சொன்னவளை, கயிற்றை என் கையில் தந்தவளை, இந்த அறைக்குள் வர விடாமல் நான் கதவைச் சாத்திவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது. "புத்தகத்தில் இல்லை சேர்" என்றேன். "என் பெண்சாதி சொன்னது. பாய் ஓட்டத் தெரிந்தவள்."

அவர் சிரிக்கவில்லை. விமானம் அப்படி விழத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று உன் மனைவி சொன்னாளா என்று கேட்டார். "கயிற்றை இளக்கச் சொன்னாள்" என்று சொல்லி, மேசையில் கிடந்த மர விமானத்தை எடுத்து அதன் மூக்கைத் தாழ்த்திக் காட்டினேன். கடுதாசியில் ஏதோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். மாமி, எல்லாம் தான் வைத்த பூசை என்று தேங்காய் உடைத்தார். நானும் மறுக்கவில்லை. பெண்சாதி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப உங்களிட்ட என்னத்தைக் கேட்டாங்க? இண்டைக்கு வரைக்கும் நீங்க சொல்லல்லையே" என்றாள்.

அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, மறைக்காமல் சொன்னேன். புத்தகம் என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவளுடைய கத்தி நின்றது. "என்னைச் சொல்ல வெட்கமா இருந்ததா மச்சான்?"

"ஓம்" என்றேன். "அதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு."

அவள் மீனை வெட்டி முடித்தாள், கழுவினாள், சட்டியில் போட்டு மூடினாள். கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"நீலப் புத்தகத்தை எடுங்க. அந்தப் பன்னிரண்டாம் பாடத்தில இடம் ஏதும் கிடக்கா?"

"ஓரத்தில கிடக்கு."

"அப்ப நான் சொன்னதை அதில எழுதுங்க. நீங்க அந்தத் துரைக்குச் சொன்னது பொய்யாக் கிடக்கக் கூடாது."

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு வந்தேன். சுழிக்கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில், தமிழில், அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். காற்றிடம் கொஞ்சமாகக் கேட்டால் தரும், பேராசையில் கேட்டால் கையை விட்டுவிடும், விட்டால் இளக்க வேண்டும். எழுதி முடித்து உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் விரலை அந்த எழுத்தின்மேல் வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் மெல்ல இழுத்தாள்.

"இப்ப இந்தப் புத்தகத்தில இருக்குத்தானே?" என்றாள்.

"இப்ப இருக்கு" என்றேன்.